பல்கேரியக் கதவுப் படலம்

பாகீரதி பாய்ந்து வளம் செய்யும் வங்க நன்னாட்டில், மழை ஓய்ந்தும் புழுக்கம் ஓயாத ஆவணித் திங்களில், டிராம் வண்டிகளின் மணியோசை எண்டிசையும் முழங்கும் கல்கத்தா மாநகரின் பவானிப்பூர்ப் பகுதியில் வாழ்ந்தவன். தடித்த கறுப்புக் கண்ணாடியும் கஞ்சி மொடமொடக்கும் ஜிப்பாவும் தரித்தவன். அசையாத காட்சிகளை அசையாமல் பார்த்தே ஐம்பத்திரண்டு பிராயம் கடந்தவன். நீள்படம் கண்டு நெஞ்சு கலங்காதவன். பாட்டு வந்தால் முகம் சுளிப்பவன். சண்டை வந்தால் செவி பொத்துபவன். துறைமுகச் சரக்குப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டு எழுத்தராய் இருந்தும் பதவி உயர்வு என்னும் பகையால் ஒருமுறையும் தீண்டப்படாதவன். ஸ்ரீமான் பவதோஷ் சிக்தார் என்னும் அந்த அண்ணலின் புகழை, கேட்பவர் செய்த நல்வினைப் பயனாய், இனிச் சொல்லப் புகுகின்றோம். கலைமகள் எம் நாவில் அமர்க. அவளுக்கு நேரமில்லையேல், படக்கருவிக்குள் கரிக்குச்சியாய் எரிந்து திரைக்கு ஒளி தரும் தெய்வம் எதுவோ, அது அமர்க.

இந்நாயகர் செயலாளராய் வீற்றிருந்து ஆண்ட நாட்டின் பெயர் நவதிருஷ்டி சினி கிளப். வடக்கே ஒரு சைக்கிள் கடையும் தெற்கே ஒரு தையற்கடையும் எல்லையாக, ஹோமியோபதி மருந்துக்கடை ஒன்றின் தலைமேல் அமைந்த, பதினான்கடிக்குப் பன்னிரண்டடி அறையே அதன் ஆட்சிப் பரப்பு. குடிகள் நாற்பத்து மூவர். எந்தப் படத்தை உலகில் எவரும் பார்க்க விரும்பமாட்டாரோ அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பாராத மாந்தரை இரக்கம் ததும்ப நோக்குவதே அக்குடிகளின் குலத்தொழில். கதை புரிந்த படம் அங்கே ஐயத்துக்குரியது. கூட்டம் வந்த படம் குற்றமுடையது. 'நல்லாப் பொழுது போச்சு' என்று யாரேனும் வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ, அப்படம் அன்றே நாடு கடத்தப்படும். சொன்னவர் மறுவாரம் தாமாகவே வராமல் நின்றுவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் இக்கழகத்துக்கு அகவை இருபத்தைந்து நிரம்பியது. அதையொட்டி வெளிவரவிருந்த துர்கா பூஜை மலரில் 'பார்த்தே தீர வேண்டிய பத்துப் படங்கள்' என்றொரு பட்டியல், உய்யும் வழி அறியாது இந்திப் படங்களில் வீழ்ந்து கிடக்கும் மாநகர மக்களைக் கரையேற்றும் பொருட்டு, வெளியிடப்படுவதாக இருந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது படங்கள் முடிவாயின. இத்தாலிக்கு மூன்று, பிரான்சுக்கு மூன்று, ஜப்பானுக்கும் சுவீடனுக்கும் போலந்துக்கும் ஒவ்வொன்று. வங்காளத்துக்கு ஒன்றுமில்லை, சொந்த ஊர்ப் படத்தைச் சிபாரிசு செய்வதற்கு ஒரு கழகம் எதற்கு? இந்த ஒன்பதின் மீதும் யாதொரு சச்சரவும் எழவில்லை. அவற்றின் பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் கண்ணை மூடி 'ஆகா' என்று பெருமூச்சு விடுவது கழக மரபாதலின், எவரும் கண்ணைத் திறந்து எதிர்க்க நேரம் கிட்டவில்லை.

எஞ்சியது பத்தாம் இடம். ஐந்தாம் ஞாயிறு; முடிவை நிர்வாகிகளிடம் விட்டுவிட்டு மற்றக் குடிகள் வீட்டிலிருந்தனர். மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் அச்சகம் சேர வேண்டும். மண்ணாசையால் மாண்ட மன்னர் பலர். பொன்னாசையால் புதைந்தார் பலர். பத்தாம் இடத்தின் மேல் ஆசை வைத்த இருவரின் கதையே இது.

பவதோஷ் அவ்விடத்துக்கு முன்மொழிந்தது ஒரு பல்கேரியப் படம். மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் ஓடும் அக்கருப்பு வெள்ளைக் காவியத்தில் ஒரு தச்சன் ஒரு கதவு செய்கிறான். மரத்தைத் தேர்கிறான், அறுக்கிறான், இழைக்கிறான், உட்கார்ந்து மரத்தைப் பார்க்கிறான், மறுபடி இழைக்கிறான். பதினோராண்டு முன்பு, டெல்லித் தூதரகத்திலிருந்து ரயிலேறி வந்த ஒரே பிரதி, சௌரங்கியை ஒட்டிய கொட்டகை ஒன்றில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, மொழிபெயர்ப்பு வரிகள் யாதுமின்றி, ஒரே முறை திரையிடப்பட்டது. அன்று முதல் 'மானுடத் தனிமையின் மாபெரும் சோகம்' என்று அதைப் போற்றி நம் நாயகர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் பதினேழு. 'இறுதிச் சுருளின் கண்ணீர்' என்னும் தலைப்பில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றும் உண்டு. அதைப் படித்து விம்மியவர்கள் இன்றும் பவானிப்பூரில் வாழ்கிறார்கள்.

இங்கே ஒரு மறைபொருளை வெளியிட வேண்டியுள்ளது. வீரர்க்கும் உறக்கம் உண்டு. அன்று காலை, இரண்டாம் பலகை இழைபடத் தொடங்கிய வேளையில், இரண்டு இரவு துறைமுகத்தில் மிகைநேரப் பணி செய்து வந்த நம் அண்ணலின் இமைகள் கோட்டைக் கதவென இறங்கிச் சாத்திக்கொண்டன. அவர் விழித்தது படம் முடிந்து விளக்கு எரிந்தபோதுதான். விழித்தவர் முதலில் கண்டது அருகிருந்த தம் மனைவி மாலபிகாவின் முகம். அம்முகத்தில் கண்ணீர் தாரை தாரையாய் வழிந்துகொண்டிருந்தது. அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கல்யாணமாகி அதுவரை பொதுவிடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டறியாத அவளையே இப்படி உருக்கிய படம் எத்தகைய பெருஞ்சோகமாயிருக்க வேண்டும் என்று அக்கணமே அவர் தெளிந்தார். பதினேழு சொற்பொழிவும் நான்கு பக்கமும் அந்தக் கண்ணீரில் முளைத்தவை.

சரக்குப் பிரிவில் சணல் மூட்டையை எந்தப் பக்கம் அடுக்கலாம் என்றுகூட அவரிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை. அந்த ஆவணியில்தான், அவர் கைபிடித்துக் கோப்பு எழுதக் கற்றுக்கொடுத்த ஒருவன் அவருக்கே மேலதிகாரியாக வந்து அமர்ந்து, 'சிக்தார் பாபு, கொஞ்சம் சீக்கிரம்' என்றிருந்தான். ஆனால் இந்த அறையில், 'எந்தப் படம் பார்க்கலாம்?' என்று மக்கள் அவரிடம் கேட்டார்கள். அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். முதல் ஒன்பது படங்களும் எல்லோருக்கும் சொந்தம். பத்தாவது ஒன்றுதான் பவதோஷுடையது. அதை விட்டுக்கொடுப்பதும் தம் பெயரைத் தாமே அடித்துவிடுவதும் அவருக்கு ஒன்றே.

எதிரே நின்றவர் இணைச் செயலாளர் இந்துபூஷண் நியோகி. பெண்கள் பள்ளியில் பூகோளம் போதிப்பவர். அட்லாண்டிக்கின் ஆழம் கேட்டால் அடி கணக்கில் ஒப்பிப்பவர். லண்டனில் உள்ள மைத்துனன் அனுப்பும் திரைப்பட இதழ்களைக் கவசமெனக் கக்கத்தில் இடுக்கியே நடப்பவர். அவர் உயர்த்திப் பிடித்தது ஒரு பின்லாந்துப் படம். உறைந்த ஏரியில் ஒரு படகு சிக்கிக்கொள்கிறது. பனி உருகும் வரை காத்திருக்கிறது. இரண்டு மணி பத்து நிமிடம். படகு மட்டுமே.

நடுவே, தலைவர் ஆசனத்தில், அனாதிநாத் மல்லிக். எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற பல் மருத்துவர். அறை அவருடையதாகையால் ஆயுட்காலத் தலைவர்; கழகத்தார்க்கு 'தாதா', அதாவது அண்ணன். நாற்பதாண்டு மற்றவர் வாயைத் திறக்கச் சொல்லியே களைத்தவராதலின், இப்போது எவர் வாய் திறந்தாலும் அவருக்கு உறக்கம் வந்துவிடும்.

ஜன்னலோரத்தில் மாலபிகா. தொலைபேசி நிலையத்தில் இருபதாண்டாய் இணைப்புக் கொடுப்பவள். ஊராரின் பேச்சையெல்லாம் காதில் வாங்கியும் ஒரு சொல்லும் வெளியே விடாதவள். அவளும் உறுப்பினர்தான்; கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தால் சந்தாவில் சலுகை என்று பவதோஷ் அந்நாளில் சேர்த்துவிட்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் டாலிகஞ்சில் அக்காள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் வந்து, மடியில் ஒரு பொட்டலம் பொரியும் இரண்டு கத்தரிக்காய் பஜ்ஜியும் வைத்துக்கொண்டு போர்க்களத்தை நோக்கியிருந்தாள்.

மணி மூன்று. வீரர் இருவரும் தும்பை சூடி எதிர்நின்றனர். தும்பைப்பூ அகப்படாமையால் சட்டைப்பையில் பேனா சூடினர். சரியாக அப்போது மின்சாரம் போயிற்று. மேலே சுழன்றிருந்த விசிறி, தோற்ற மன்னனின் தேர்ச்சக்கரம் போல, மெல்ல முனகி நின்றது. ஊர் வழக்கப்படி அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வியர்வை என்னும் செங்குருதி களமெங்கும் பெருகத் தொடங்கியது.

முதற்கணை, பவதோஷை அண்ணன் முறையில் 'பவதா' என்றழைக்கும் இந்துபூஷணுடையது.

"பவதா, ஒரு ஆளு மூணு மணி நேரம் கதவை இழைக்கிறான். அவ்வளவுதானே? எங்க தெரு மரப்பட்டறையில போய் நின்னா இதைச் சும்மாவே பாக்கலாமே!"

பவதோஷ் அக்கணையை நெஞ்சில் தாங்கினார். தாங்கியபடியே சொன்னார்:

"உன் படகு மட்டும் எங்க போவுது? நின்ன இடத்துலயே நிக்குது. ஹௌரா படித்துறைக்கு வா, நிக்கிற படகா நானூறு காட்டுறேன்."

"அது படகு இல்ல. காத்திருப்போட படிமம்!"

"இதுவும் கதவு இல்ல. தனிமையோட படிமம்!"

"தனிமையெல்லாம் போன வருஷமே போயாச்சு, பவதா. லண்டன்ல இப்ப எல்லாரும் காத்திருப்புதான் எழுதுறாங்க. வேணும்னா இந்த இதழைப் பாருங்க."

மாற்றான் கோட்டையின் மதில் மேல் கவண்கல் வீழ்ந்தாற்போல் அவ்விதழ் மேசையில் வீழ்ந்தது. தேநீர் இருந்த மண்குவளை நடுங்கிற்று. சினம் மூண்ட வங்காளி வசைக்குத் தாவமாட்டான், மரியாதைக்குத் தாவுவான். பவதோஷ் தாவினார்.

"மாஸ்டர் மோஷாய், தங்கள் இதழைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் படத்தில் காமிரா எத்தனை முறை அசைகிறது?"

"இரண்டு முறை," என்றார் இந்துபூஷண், மார்பு நிமிர்த்தி.

"எங்கள் படத்தில் ஒரு முறை."

இந்துபூஷண் ஓரடி பின்வாங்கினார். நியாயமான அடி அது. இரண்டு முறை அசைந்த காமிராவை வைத்துக்கொண்டு ஒரு முறை அசைந்த காமிராவின் முன் நிற்பதென்பது, குதிரையேறி வந்தவன் யானைமேல் இருப்பவனை அண்ணாந்து பார்ப்பது போன்றது. ஆயினும் சுதாரித்தார். வசனங்களின் எண்ணிக்கையில் மோதினர், பின்லாந்துக்கு ஒன்பது, பல்கேரியாவுக்குப் பதினொன்று, இந்துபூஷண் வென்றார். பாதியில் எழுந்துபோனவர்களின் தொகையில் மோதினர். பவதோஷ் வென்றார், நாற்பத்தொருவரில் முப்பத்திரண்டு பேர் போயிருந்தனர். எவர் படம் மிகுதியும் பார்க்க முடியாததோ அவர் படமே பார்த்தே தீர வேண்டியது என்னும் போரறம் இருவருக்கும் பொதுவாயிருந்ததால், போர் மிக ஒழுங்காகவே நடந்தது. அனாதிநாத் முகவாய் மார்பில் பட, குறட்டை என்னும் சங்கொலியால் இரு தரப்பையும் சமமாக வாழ்த்திக்கொண்டிருந்தார்.

மணி நான்கு அடித்தது. அப்பொழுதுதான், வேறு படைக்கலம் ஒழிந்த நிலையில், இந்துபூஷண் தம் தூணியின் அடியிலிருந்து அந்தப் பேரம்பை எடுத்தார்.

"சரி பவதா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் அன்னிக்கு மஞ்சக்காமாலையில படுத்திருந்தேன், பாக்கல. கடைசி ரீல்ல என்னதான் நடக்குது? பதினேழு தடவை பேசியிருக்கீங்க, ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லையே?"

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமியது இடிபோல் கேட்டது. பதினோராண்டாய் எவரும் கேட்காத கேள்வி. கேட்க மாட்டார்கள் என்று அவர் நம்பியிருந்ததும் சரியே. இத்தகைய படங்களில் என்ன நடந்தது என்று கேட்பது நாகரிகமன்று.

"அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, இந்து," என்றார். "அனுபவிக்கணும்."

"கொஞ்சமாச்சும்?"

"கண்ணீர். அவ்வளவுதான் சொல்லுவேன்." உடனே கேடயத்தை வாளாக்கினார். "அது கிடக்கட்டும், நீ உன் படகை எங்க பாத்தே?"

"அறுபத்தொம்பதுல, நம்ம கிளப் ஷோவுலதான். நீங்க அன்னிக்கு ஊர்ல இல்ல. கண்ணால பாத்தேன்!"

படகு என்ற சொல் எவ்வழியோ உறக்கத்தின் கோட்டை கடந்து அனாதிநாத்தின் செவியை எட்டியது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எது, பின்லாந்துப் படமா? அது வரவேயில்லையேப்பா."

"வந்துச்சு, தாதா. நான் பாத்தேனே!"

"பெட்டியத் தொறந்தது நான்தான். அனுப்புனவங்க மாத்தி அனுப்பிட்டாங்க. உள்ள இருந்தது காகிதக் கூழ் ஆலையப் பத்தின செய்திப்படம். வந்தவங்கள எதுக்குத் திருப்பி அனுப்பணும்னு அதையே ஓட்டச் சொன்னேன்."

இந்துபூஷணின் முகத்தில் வட துருவத்துப் பனி படர்ந்தது.

"ஆனா… படகு ஒண்ணு வந்துச்சே, தாதா?"

"ஆமா. கட்டை ஏத்திக்கிட்டு வரும்."

"பொகையா வருமே? ஒருத்தன் மரத்துண்டையே பாத்துக்கிட்டு நிப்பானே?"

"அவன் ஆலை மேஸ்திரி."

"நாப்பது நிமிஷத்துல முடிஞ்சுபோச்சேன்னு கேட்டதுக்கு, சென்சார்ல வெட்டிட்டாங்கன்னு யாரோ சொன்னாங்களே!"

"யாரு சொன்னா?"

இந்துபூஷண் விரல் மடித்து அன்று வந்தவர்களை எண்ணிப் பார்த்தார். "நானே நெனச்சுக்கிட்டேன் போல இருக்கு," என்றார்.

பத்தாண்டாய்த் தாம் கண்ட காத்திருப்பெல்லாம் ஓர் ஆலையின் மதிய உணவு இடைவேளை என்று அறிந்த வீரனின் துயரை எவ்வாறு உரைப்போம்! வாள் ஒடிந்தாற்போல் நின்றார். கவசம் கக்கத்திலிருந்து நழுவித் தரையில் சிதறிற்று. பவதோஷ் அவரைப் பார்த்தார். வெற்றிக் களிப்பில் பொங்க வேண்டிய அவர் நெஞ்சு, காரணம் தமக்கே தெரிந்ததனால், சற்றே சுருங்கியது. ஆயினும் பத்தாம் இடம் கைக்கெட்டும் தொலைவில் மின்னிக்கொண்டிருந்தது. இரக்கத்தை ஒத்திவைத்தார்.

"அப்போ ஓட்டெடுப்பு எடுத்துடலாம், தாதா," என்றார். "என் ஓட்டு கதவுக்கு."

"என் ஓட்டு கூழாலைக்கு," என்றார் இந்துபூஷண்.

பவதோஷ் திகைத்தார். "இந்து! அது செய்திப்படம்!"

"இருந்துட்டுப் போகட்டும். அதைப் பாத்துட்டு அன்னிக்கு நான் டிராம் ஏறாம நடந்தே வீட்டுக்குப் போனேன். மனசு அப்படி நெறைஞ்சு கெடந்துச்சு. அது பொய்யா?" குனிந்து இதழ்களைப் பொறுக்கினார். "நல்லாத்தான் இருந்துச்சு பவதா, அந்தக் கூழு."

இப்படியொரு வீரத்தைப் பாரதப் போரின் பதினெட்டு நாளும் கண்டதில்லை. ஒன்றுக்கு ஒன்று. இருவர் கண்ணும் தலைவர் மேல் பாய்ந்தன. அனாதிநாத்தோ இரு தரப்பாரும் மாலையில் தமக்குச் சதுரங்கத் துணை என்பதை எண்ணிப் பார்த்தார். அறம் எது என்று அவருக்கு உடனே விளங்கியது.

"நான் நடுநிலை. மாலபிகா, நீயும் மெம்பர்தானேம்மா? உன் ஓட்டச் சொல்லு, முடிச்சிடலாம்."

பவதோஷின் முகத்தில் ஆயிரம் கதிர் எழுந்தது. தாலிக்கொடி இல்லாத தேசமெனினும் தாம்பத்தியம் உள்ள தேசமன்றோ! கைவளையும் வகிட்டுக் குங்குமமும் சாட்சியாக, தம் மனைவியின் வாக்கு வேறெங்கு போகும்? அண்ணி முறை கொண்டாடும் இந்துபூஷணும் ஒரு கடைசி நம்பிக்கையோடு, "பௌதி, நீங்க நியாயமாச் சொல்லுங்க," என்றார்.

மாலபிகா கையிலிருந்த பஜ்ஜியைத் தின்று முடித்தாள். முந்தானையில் விரல் துடைத்தாள்.

"கதவுக்குத்தான் போடுவேன். நான் அதை முழுசாப் பாத்தேன், நல்ல படம். ஆனா பக்கத்துல சோகம் கீகம்னு எழுதக் கூடாது. சிரிப்புப் படம்னு எழுதணும்."

அறையின் சுவர்கள் ஓரங்குலம் நகர்ந்தன என்று சொல்லுவர்.

"சிரிப்புப் படமா?" என்றார் இந்துபூஷண்.

"பின்ன? மூணு மணி நேரம் மாஞ்சு மாஞ்சு கதவு செய்யுறான். செஞ்சு முடிச்சு மாட்டுறான். பொண்டாட்டி சந்தையிலேருந்து வர்றா. உள்பக்கம் தொறக்க வேண்டிய கதவை இவன் வெளிப்பக்கம் தொறக்கிற மாதிரி மாட்டிட்டான். வெளியில கழுதை கட்டியிருக்கு. கதவைத் தள்ளுறான், கழுதை மேல போய் இடிக்குது. அது விட்டுச்சு பாருங்க ஒரு உதை! கதவு ரெண்டா ஒடைஞ்சு அவன் கையில கைப்பிடி மட்டும் நிக்குது. அவ சிரிக்கிறா. அவன் கைப்பிடியப் பாக்குறான், அவனும் சிரிக்கிறான். அவ்வளவுதான்."

"கழுதையா?" அனாதிநாத்தின் இரண்டாவது கண்ணும் திறந்தது. "ஆமா, கழுதை! நான் அதை மரணத்தோட குறியீடுன்னு டயரியில எழுதி வச்சிருக்கேனே. அப்ப பின்னாடி வரிசையில கெக்கெக்கேன்னு சிரிச்ச பொம்பள…"

"நான்தான். மிச்சமிருந்த ஏழு பேரும் திரும்பி மொறைச்சீங்க."

"நான்கூட நல்லா மொறைச்சேன்மா. மன்னிச்சுக்க."

பவதோஷ் எழுந்தாரில்லை; அமர்ந்தாரில்லை; இரண்டுக்கும் நடுவே, மேசை விளிம்பைப் பற்றியபடி ஒரு நிலையில் நின்றார். பதினேழு சொற்பொழிவுகளும் பதினேழு கோபுரங்களாய் அவர் கண்முன் சரிந்தன. மானுடத் தனிமை மண்ணில் புரண்டது. அதன் மேல் ஒரு கழுதை நின்றிருந்தது.

"நீ அழுதே," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "நான் பாத்தேனே. உன் கன்னமெல்லாம் கண்ணீரு."

மாலபிகா அவரை ஒரு கணம் உற்று நோக்கினாள். நாலு பக்கக் கட்டுரையின் தலைப்பு எங்கிருந்து பிறந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஊராரின் ரகசியத்தையெல்லாம் காதிலேயே வைத்திருந்தவள், குரலைத் தணித்துக்கொண்டாள்.

"என்னங்க நீங்க… நீங்க என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு இருந்தீங்க. ரெண்டு ராத்திரி வேலை பாத்துட்டு வந்த மனுஷன். சிரிச்சா தோள் ஆடும், முழிச்சிடுவீங்கன்னு பல்லைக் கடிச்சு அடக்குனேன். அடக்க அடக்கக் கண்ணுல தண்ணி கொட்டுது. கழுதை ஒதைச்சதும் என்னால முடியல."

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? வெளிய வந்ததுமே பேச ஆரம்பிச்சீங்க. பதினோரு வருஷமா பேசிக்கிட்டே இருக்கீங்க."

கேட்டீரோ உலகீர்! மூன்று மணி நேரம் ஒரு தோளை அசைக்காமல் வைத்திருந்தாள் ஒருத்தி. அது மரத்துப்போய் மறுநாள் சூட்டு ஒற்றடம் கொடுத்ததை அவள் சொல்லவில்லை. சொல்லாதது அவள் தொழில். மலையைத் தாங்கினவரைப் பாடியிருக்கிறார்கள். உலகைத் தாங்கினவரைப் பாடியிருக்கிறார்கள். துறைமுக எழுத்தர் ஒருவரின் உறங்கும் தலையை, வெடித்து வரும் சிரிப்பையும் விழுங்கிக்கொண்டு தாங்கினவளைப் பாட எந்தப் புலவனும் வரவில்லை. வந்தவரோ, அவள் கண்ணீரைத் தப்பாகப் படித்துவிட்டு நான்கு பக்கம் எழுதினார்.

மணி நாலே முக்கால். இந்துபூஷண் காதில் விழாதவர் போல் இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே இதழை மூன்று முறை அடுக்கினார். "பவதா," என்றார் நிமிராமல், "நீங்க வேணும்னா சோகம்னே எழுதிக்குங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல."

பகைவன் நீட்டிய அந்தக் கையைப் பவதோஷ் பார்த்தார். சோகம் என்று எழுதினால் பத்தாம் இடமும் நிற்கும், பதினேழு சொற்பொழிவும் நிற்கும். சிரிப்பு என்று எழுதினால், பூஜை மலர் வந்த மறுவாரமே நாற்பத்து மூன்று குடிகளும் அவரை நோக்கும் நோக்கு எப்படியிருக்கும் என்பதை அவர் அறிவார். அந்த நோக்கைக் கற்றுக்கொடுத்ததே அவர்தாம். சரக்குப் பிரிவின் புதிய மேலதிகாரி நோக்குவது போலவே இருக்கும். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் அரும்பி, கண்ணாடியின் விளிம்பில் தயங்கி, பட்டியலின் மேல் ஒரு சொட்டாய் வீழ்ந்தது. ஜப்பானியப் படத்தின் பெயர் சற்றே கரைந்தது.

அந்தக் கழுதையை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கதவைத் தள்ளுகிறான். இடிக்கிறது. உதைக்கிறது. கையில் கைப்பிடி. இன்னொரு முறை ஓட்டினார். இம்முறை தச்சனுக்கு ஒரு மேலதிகாரியையும் சேர்த்து, அவனைக் கழுதைக்குப் பின்னால் நிறுத்தினார்.

அடிவயிற்றில் தொடங்கியது அது. கடற்கோள் போல எழுந்து, நெஞ்சுக்கூட்டை முட்டி, இருபத்தெட்டு ஆண்டுச் சரக்குக் கோப்புகளையும் பதினோராண்டுச் சோகத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, ஒரு கனைப்பாய் வெளிப்பட்டது. கழகத்தின் சுவர்கள் கால் நூற்றாண்டில் கேட்டிராத ஓசை. மாலபிகாவுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. இந்துபூஷண், "அந்தக் கைப்பிடி மட்டும் கையில…" என்று தொடங்கி முடிக்கமாட்டாமல் மேசையில் குப்புறக் கவிழ்ந்தார். அனாதிநாத் தாம் கட்டியிருந்த பல் கழன்று விழுமோ என அஞ்சி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பவதோஷ் பேனாவைத் திறந்தார். அம்பு கோத்த வில்லாளியின் கை அத்தனை உறுதியாய் இருந்திருக்குமோ என்னவோ! பத்தாம் எண்ணுக்கு எதிரே பல்கேரியக் கதவின் பெயரைத் திருத்தமாய் வரைந்தார். பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், 'சிரிப்புப் படம்' என்று எழுதினார். சிறிது யோசித்து, அதன் கீழே பொடி எழுத்தில், 'காகிதக் கூழ் ஆலை, செய்திப்படம், இதுவும் நன்று' என்றும் சேர்த்தார். இந்துபூஷண் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

இவ்வாறாக, மாற்றாரை வென்று, தம்மைத் தாமே வென்று, அறியாமை இருளில் அலையும் கல்கத்தா மாந்தர் யாவரும் கண்டு கடைத்தேறும்பொருட்டுப் பத்துப் பெரும்படங்களையும் ஒரே தாளில் நிறுத்தி, நம் அண்ணல் அத்தாளை இரு கையாலும் உயர்த்திப் பிடித்தபோது, நின்றுபோயிருந்த விசிறி வானவர் கவரி வீசினாற்போல் தானே சுழலத் தொடங்கியது. அந்தத் திருக்காட்சியின் நடுவே மாலபிகா தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. டாலிகஞ்ச் போறதுக்குப் பதிலா இதுல ஒண்ணுக்குப் போலாமா? எது எந்தக் கொட்டகையில ஓடுது?"

செயலாளர் இணைச் செயலாளரைப் பார்த்தார். இணைச் செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்தில் ஒரு படம்கூட அந்த வருஷம் கல்கத்தாவில் எங்கேயும் ஓடவில்லை.